இரண்டு கை பட்ட மயோனைஸ்

அக்லாயா போனை வைத்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வரேன் ஸ்மராண்டா. ஞானஸ்நானம் விஷயமா நேர்ல ஒண்ணு சொல்லணும்."

அவ்வளவுதான். டொக்.

அந்த டொக்கோடு என் அண்ணி ஸ்மராண்டாவுக்குத் தூக்கம் போயிற்று. மூன்று ராத்திரி. எதிர் ஃபிளாட்டில் இருக்கிற எனக்கும் போயிற்று. ஏனென்றால் தூக்கம் வராவிட்டால் அண்ணி பாத்திரம் தேய்ப்பாள்.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்காக நாலு வரி. நான் ஜெனோவியா. ப்ரெய்லா தபாலாபீஸில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதிர் வாசலில் அண்ணன் குடும்பமே இருக்கும்போது எனக்கென்று தனியாக ஒரு தலைவலி எதற்கு? அண்ணன் போம்பிலியு டிராம் ஓட்டியவர். அவருக்கும் அண்ணிக்கும் ஒரே பிள்ளை, காசியன். மருமகள் இலிங்கா மலைப் பக்கத்துப் பெண், சிபியு ஊர். பேரன் அந்தோனுக்கு நாலு மாதம்.

அக்லாயா, அண்ணியின் நூல்மில் சிநேகிதி. காசியன் கல்யாணத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்ற ஞானத்தாய். கல்யாணத்துக்கு நின்றவர்கள்தான் பிறக்கிற பிள்ளையையும் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து ஏந்த வேண்டும். அவர்கள் மாட்டேன் என்றால் வேறு ஆளைத் தேடலாம். தேடலாம்தான். ஆனால் அப்புறம் மாடிப்படியில் எதிர்ப்படுகிற ஒவ்வொருத்தருக்கும் காரணம் சொல்லிக்கொண்டே ஏற வேண்டும். நாங்கள் இருப்பது நாலாவது மாடி.

அக்லாயா மாட்டேன் என்பாள் என்று நாங்கள் பயந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பேதுரு நோன்புக்கு முந்தின ஞாயிறு, அண்ணி வீட்டு விருந்தில் அக்லாயா, கறியும் காய்கறியும் மயோனைஸில் பிசைந்த பெஃப் சாலட் சாப்பிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரி. அஞ்சு நாள் டிரிப்ஸ். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "பச்சை முட்டை மயோனைஸ் ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்பதுதான்.

அன்றிலிருந்து அக்லாயா இந்த வாசல் மிதிக்கவில்லை. அண்ணியும் மயோனைஸ் கரண்டியைத் தொடவில்லை. ப்ரெய்லாவிலேயே அண்ணி கை மயோனைஸ்தான் என்று பேர் வாங்கியவள். அதற்கப்புறம் கட்டடத்தில் யாருக்காவது ஒரு தட்டுக் கொண்டுபோனால், "இதுல முட்டை இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். அண்ணி வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்ப்பாள்.

இந்த ஞாயிறும் அதே ஞாயிறு. நாளைக்கு நோன்பு ஆரம்பம்.

காலை ஏழு மணிக்கு நான் உள்ளே போனபோது சண்டை பாதி முடிந்திருந்தது. இலிங்கா உருளைக்கிழங்கைச் சதுரம் சதுரமாக நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் நான் ஒரு காபி குடித்துவிடலாம், அப்படி ஒரு நிதானம். அண்ணி கையைக் கட்டிக்கொண்டு ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நின்றாள்.

"ஜெனோ, நீயே கேளு. இவ மயோனைஸை வேகவெக்கப் போறாளாம்."

"எங்க வீட்ல அப்படித்தான் அத்தை பண்ணுவோம்," என்றாள் இலிங்கா. "பால், மாவு, மஞ்சள்கரு. அடுப்புல கெட்டியாக்கி, ஆறவெச்சு, அப்புறம் எண்ணெய். பயமே இல்ல."

"அதுக்கு உங்க ஊர்ல மயோனைஸ்னா பேரு? எங்க ஊர்ல புட்டிங்னு சொல்வோம்."

"சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"நான் எதுக்குச் சாப்பிடணும்? வேகவெச்சு வெச்சா என்ன அர்த்தம் தெரியுமா? அன்னிக்குப் பச்சையா வெச்சது தப்புன்னு நானே கைப்பட எழுதிக் குடுத்த மாதிரி. பதினோரு பேர் சாப்பிட்டோம் அன்னிக்கு. நீயும்தான் சாப்பிட்டே. ஒரு கண்ணுல ஆபரேஷன் கட்டோட அவ புருஷன் ஆக்டாவ் ரெண்டு தட்டு சாப்பிட்டார். யாருக்காவது ஒரு ஏப்பம் வந்துதா? அவளுக்கு மட்டும் எப்படி?"

இந்தக் கேள்வியை இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். காசியன் மட்டும் ஒவ்வொரு தடவையும், "விடும்மா, பழங்கதை. யாருக்கும் நடக்கும்," என்று எழுந்து போய்விடுவான். அவன் இன்று ஊரில் இருந்தும் வீட்டில் இல்லை. கப்பல் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட். தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டானாம். நல்ல நாள் பார்த்தான்.

"சரி அண்ணி, சாலடே வேண்டாம்னு விட்டுடேன்," என்றேன்.

"நோன்புக்கு முந்தின நாள், பெஃப் சாலட் இல்லாத மேஜையா? வந்து உக்காந்ததும் முதல்ல அதைத்தான் பாப்பா. இல்லேன்னா பயந்துட்டேன்னு நினைப்பா."

"கடையில ஒரு டப்பா..."

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை அப்படியே விழுங்கினேன்.

இலிங்கா கத்தியைக் கீழே வைத்தாள். அந்தப் பெண் கோபித்து நான் பார்த்ததில்லை. அன்றும் கோபிக்கவில்லை. ஆனால் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அத்தை, பச்சையா வெச்சா அவங்க தொடமாட்டாங்க. தொடாம எழுந்து போயிட்டாங்கன்னா அந்தோனை யார் ஏந்துவா? எனக்கு வேற யாரும் வேண்டாம். என் கல்யாணத்தன்னிக்கு ஹீல்ஸ் உடைஞ்சப்போ தன் செருப்பைக் கழட்டிக் குடுத்துட்டு ராத்திரி முழுக்க வெறுங்காலோட ஆடினவங்க அவங்க."

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே எலுமிச்சை மணத்தோடு லிண்டன் மரம் பூத்துக் கொட்டியிருந்தது.

"பண்ணித் தொலை. நான் தொடமாட்டேன். சொல்லிட்டேன்."

இலிங்கா ஆரம்பித்தாள். சின்ன வாணலியில் குளிர்ந்த பால், இரண்டு கரண்டி மாவு, கட்டி இல்லாமல் கலக்கி, நாலு மஞ்சள்கரு, உப்பு. அதைக் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் உட்கார்த்தி, மெல்லிய தீயில், மரக்கரண்டியால் கிண்டினாள். கிண்டினாள். இன்னும் கிண்டினாள்.

"எப்போ கெட்டியாகும்? பேரன் பட்டாளத்துக்குப் போறதுக்குள்ள ஆகுமா?"

"ஆகும் அத்தை. அவசரப்பட்டா திரிஞ்சுடும்."

அந்தோன் உள்ளறையில் ஒரு முனகல் முனகினான். இலிங்கா தலையைத் திருப்பிய அந்த ஒரு வினாடியில் அண்ணியின் கை நீண்டது. அடுப்புத் திருகு முழுசாகத் திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். எச்சில் விழுங்குவதற்குள் தண்ணீர் தளதளவென்று பொங்கி, வாணலிக்குள் மஞ்சள்கரு முத்து முத்தாகத் திரண்டுவிட்டது.

இலிங்கா வாணலியைப் பார்த்தாள். திருகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"அடுப்பு பழசு," என்றாள் அண்ணி. "தானா ஏறும்."

"அப்படியா அத்தை. பரவாயில்ல. இதை மாமாகிட்ட குடுத்துடலாம். ரொட்டில தடவிச் சாப்பிடுவார்." மறுபடி பால் எடுத்தாள், மறுபடி மாவு எடுத்தாள். இந்தத் தடவை அடுப்புக்கும் அண்ணிக்கும் நடுவில் நின்றுகொண்டாள். மலைக்காரியை நான் சாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது கலவை கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கிற பதத்துக்கு வந்தது. கடுகு விழுது, எலுமிச்சைச் சாறு சேர்த்து இறக்கினாள். எண்ணெய் சேர்ப்பதற்கு முன் அதில் ஒரு கரண்டியைத் தனியாக எடுத்து, வினிகர், சிட்டிகை சர்க்கரை, புளிப்பு கிரீம், நறுக்கிய சோம்புக்கீரை போட்டு நீர்க்கக் கரைத்தாள்.

"அது யாருக்கு?"

"பச்சைக் கீரை சாலட் மேல ஊத்த."

"கீரைக்கு ஊத்தறதையும் வேகவெக்கணுமா? உங்க ஊர்ல தண்ணியையாவது பச்சையா குடிப்பீங்களா?"

இலிங்கா சிரித்துவிட்டாள். அண்ணிக்கும் உதடு கொஞ்சம் வளைந்தது. சட்டென்று நேராக்கிக்கொண்டாள்.

வாணலியைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆறவிட்டார்கள். அதற்கும் அண்ணி முணுமுணுத்தாள். வெதுவெதுப்பு அடங்கினதும் நான் எண்ணெய் ஜாடியைப் பிடித்தேன், நூல் மாதிரி ஊற்ற வேண்டும் என்று கட்டளை. இலிங்கா ஒரே பக்கமாகச் சுற்றிக் கிண்டினாள். மஞ்சள் கலவை வெளுத்தது, பளபளத்தது, கரண்டி பின்னால் தடம் விழ ஆரம்பித்தது. நிஜமாகவே மயோனைஸ் ஆகிக்கொண்டிருந்தது. அண்ணி பார்க்காதவள் போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி எண்ணெய் போயிருக்கும். அப்போது அந்தோன் கத்தினான். முனகல் இல்லை, பசிக் கத்தல். கட்டடமே கேட்கும்.

இலிங்காவின் சட்டை முன்பக்கம் நனைந்துவிட்டது. கரண்டி நிற்கவில்லை. "சின்னத்தை, கொஞ்சம் நீங்க..." என்றாள் என்னிடம்.

"கை மாத்தாதே," என்றாள் அண்ணி. "மயோனைஸ் ஒரு கைதான். ரெண்டு கை பட்டா உடைஞ்சுடும். எங்க அம்மா சாவுச் சேதி வந்தப்போகூட நான் கரண்டியை வைக்கல, முடிச்சுட்டுத்தான் அழுதேன்."

"அவன் அழறானே அத்தை."

"எனக்குக் காது இருக்கு."

குழந்தை இன்னொரு சுருதி ஏற்றினான். இலிங்காவின் கண் கலங்கியது. கிண்டுவதா, ஓடுவதா என்று தெரியாமல் பாதி உடம்பு வாசல் பக்கம் திரும்பியிருந்தது. எனக்கு மூட்டுவலி என்பது இருவருக்கும் தெரியும்.

அண்ணி இரண்டு அடி எடுத்து வைத்தாள். இலிங்காவின் கைக்குப் பின்னால் தன் கையைக் கொண்டுபோய், அவள் கையோடு சேர்த்தே கரண்டியைப் பிடித்தாள். இரண்டு கையும் நாலைந்து சுற்று சேர்ந்தே சுற்றின. "ம், விடு," என்றாள். இலிங்கா விட்டாள். ஓடினாள்.

"ஊத்து ஜெனோ, வேடிக்கை பாக்காதே."

ஊற்றினேன். அந்தக் கை சுற்றுகிற அழகைப் பார்த்து ஊற்றினேன். இரண்டு வருஷம் கரண்டி தொடாத கை என்று யாராவது சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு தடுமாற்றம் இல்லை. கடைசிச் சொட்டு வரை. உடையவில்லை.

அண்ணி சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். நான் காத்திருந்தேன்.

"உப்பு கம்மி," என்றாள். அண்ணியிடமிருந்து அது பட்டயம் குடுத்த மாதிரி.

பன்னிரண்டு மணிக்கு அண்ணன் கோயிலிலிருந்து வந்தார். சாலடுக்கு மேல்பூச்சு பூசியாகிவிட்டால் அலங்காரம் அவர் பொறுப்பு. டிராம் ஓட்டின காலத்திலேயே அப்படித்தான். கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி வேலை செய்தார். வெளியே கொண்டுவந்து வைத்தார்.

வெள்ளைப் பரப்பின் நடுவே, அவித்த முட்டையில் உடம்பு, கேரட்டில் மூக்கு, ஊறுகாய் வெள்ளரியில் வால்.

அண்ணிக்கு மூச்சு நின்றது. "கோழியா? முட்டையால வந்த வினைக்கு, அது மேல கோழியை உக்காத்தி வெச்சிருக்கீங்களே, உங்களுக்கு மூளை இருக்கா?"

"கோழி இல்ல. புறா. சமாதானப் புறா."

"புறாவுக்குக் கொண்டை எதுக்கு?"

அண்ணன் குனிந்து பார்த்தார். சிவப்புக் குடைமிளகாய்க் கொண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இப்போ புறா," என்றார்.

வாசல் மணி அடித்தது.

அக்லாயா தனியாக வந்திருந்தாள். ஆக்டாவுக்குக் கால் வீக்கமாம். கையில் பியோனிப் பூங்கொத்து, நல்ல உடுப்பு, முகம் மட்டும் பரீட்சைக்கு வந்தவள் மாதிரி. அண்ணியும் அவளும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டார்கள், காற்றில் முத்தம். முப்பது வருஷ சிநேகிதிகள். நூல்மில் காண்டீனில் ஒரே டம்ளரில் காபி குடித்தவர்கள்.

"வாங்க," என்றாள் அண்ணி. வாங்க. 'வாடி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை.

அந்தோனைத் தூக்கிக் காட்டினார்கள். அக்லாயா கை நீட்டவில்லை. தூரத்திலிருந்தே பார்த்து, "நல்லா இருக்கான்," என்றாள். இலிங்கா குழந்தையைத் தன் பக்கமே அணைத்துக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தேன். மாட்டேன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள்.

உட்கார்ந்தோம். அண்ணன் எல்லோருக்கும் ட்ஸுய்க்கா, எங்கள் ஊர் பிளம் சாராயம், ஊற்றினார். அக்லாயா ஒரே மடக்கில் குடித்தாள். அவள் அப்படிக் குடிப்பவள் இல்லை. சாலட் தட்டு அவள் முன்னால் வந்தது. அண்ணி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், வாயில் போடவில்லை.

அக்லாயா கரண்டி நிறைய எடுத்தாள். புறாவின் வால் பக்கமாக. சாப்பிட்டாள். இன்னொரு வாய். நெற்றியைச் சுருக்கினாள்.

"ஸ்மராண்டா, இது உன் கை இல்லையே."

இலிங்காவால் பொறுக்க முடியவில்லை. "வேகவெச்சது ஞானம்மா. நான்தான் பண்ணினேன். பச்சை முட்டை ஒரு துளி இல்ல, பயப்படாம சாப்பிடுங்க."

அண்ணி அவளைப் பார்த்த பார்வையில் அந்த மயோனைஸ் இன்னொரு தடவை வெந்திருக்கும்.

அக்லாயா கரண்டியை வைத்துவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"எனக்காக வேகவெச்சீங்களா?"

"வேற யாருக்காக?" என்றாள் அண்ணி.

"ஐயோ, ஸ்மராண்டா." கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை, நாப்கினை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். சாப்பிட்டுட்டுச் சொல்லலாம்னு பாத்தேன். இறங்கமாட்டேங்குது. அன்னிக்கு உன் சாலட்ல ஒரு குத்தமும் இல்ல."

அண்ணி ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"கிளம்பும்போது பொட்டலம் கட்டிக் குடுத்தியே. ஐஸ்கிரீம் டப்பாவுல. நாளைக்கு நோன்பு, எங்க வீட்ல மிஞ்சும், நீ எடுத்துட்டுப் போன்னு."

"குடுத்தேன். எப்பவும் குடுக்கறதுதானே."

"நேரா வீட்டுக்குப் போகல நாங்க. வழியில ஒரு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. எங்கன்னு கேக்காதே, அது என் ரகசியம் இல்ல. டப்பா கார் டிக்கியில. ஜூன் மாச வெயில். சாயங்காலம் எட்டு வரைக்கும்."

"அஞ்சு மணி நேரம்," என்றார் அண்ணன், யாரும் கேட்காமலே.

"ராத்திரி பத்தரைக்குத்தான் அந்த டப்பா ஞாபகமே வந்தது. நோன்பு ஆரம்பிக்க ஒன்றரை மணி நேரம். கறியும் முட்டையும் போட்டது, விடிஞ்சா தொடக்கூடாது. கொட்ட மனசு வருமா? நீ கஷ்டப்பட்டுப் பண்ணினது. ஆக்டாவ் தூங்கிட்டார். சிங்க் பக்கத்துல நின்னபடியே சாப்பிட்டேன். முழு டப்பா. கொஞ்சம் புளிச்சாப்பலதான் இருந்தது. வெள்ளரி ஊறுகாய் தூக்கலா போட்டிருக்கேன்னு நினைச்சேன்."

"என் சாலட்ல வெள்ளரி என்னிக்குமே தூக்கலா இருக்காது," என்றாள் அண்ணி.

"தெரியும். அப்போ தெரியல. டாக்டர் மயோனைஸான்னு கேட்டார், ஆமான்னு தலையாட்டினேன். பொய்யும் இல்லையே. வீடு திரும்பறதுக்குள்ள ஊர் முழுக்கப் பரவிடுச்சு, உன் விருந்துலதான்னு. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... உன் மூஞ்சியைப் பாக்க வெக்கமா இருந்தது. கோவத்துல வராம இருந்தேன்னா நினைச்சே? நான் மாடிப்படி வரைக்கும் ரெண்டு தடவை வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். இப்போ ஞானத்தாயா நிக்கறதுக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் பண்ணணுமே, பண்ணினேன். ஃபாதர் கேட்டுட்டு, எங்கிட்ட எதுக்கும்மா சொல்றே, அந்த அம்மா மேஜையில போய்ச் சொல்லுன்னு அனுப்பிட்டார். குழந்தையை ஏந்த எனக்கு யோக்கியதை இருக்கான்னு நீதான் சொல்லணும்."

அண்ணி எழுந்து நின்றாள்.

"ரெண்டு வருஷம் அக்லாயா. பக்கத்து வீட்டுக்கு ஒரு கேக் கொண்டுபோனா முட்டை இருக்கான்னு கேட்டாங்க. என் கையையே நான் சந்தேகப்பட்டேன். ராத்திரியெல்லாம் உக்காந்து, எந்த முட்டை, எந்த முட்டைன்னு யோசிச்சேன். நீ செத்துப் போயிருந்தா நான் என்ன ஆகியிருப்பேன்னு யோசிச்சேன்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

உள்ளே பால்கனிக் கதவு திறந்தது. அங்கே இருக்கிற பழைய ஃபிரிட்ஜ் திறந்தது. ஏதோ நகர்ந்தது. பாத்திரம் தேய்க்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அண்ணி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவோடு வந்தாள். மூடியைத் திறந்து அக்லாயா முன்னால் வைத்தாள். உள்ளே மயோனைஸ். இலிங்கா செய்தது வெள்ளை. இது நல்ல மஞ்சள், கரண்டியை நட்டால் நிற்கும்.

"அத்தை," என்றாள் இலிங்கா. "இது எப்போ?"

"காலம்பர அஞ்சு மணிக்கு," என்றாள் அண்ணி, யாரையும் பார்க்காமல். "மேஜையில வெக்கறதுக்கு இல்ல. கை மறந்துடுச்சான்னு பாத்தேன். அவ்வளவுதான்."

தொடமாட்டேன் என்று ஏழு மணிக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாளே, அந்தக் கை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணன் முதலில் சிரித்தார்.

அக்லாயா ரொட்டித் துண்டால் வழித்து வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் தண்ணீர் வழிய மென்றாள்.

"இதுதான்," என்றாள். "ரெண்டு வருஷமா இதுக்காக ஏங்கிக் கிடந்தேன்டி."

"மெதுவாத் தின்னுடி. யாரும் பிடுங்கிக்கல. முதல்ல கையைத் துடை, அந்தோனை வாங்கிக்கோ. ஞானத்தாய் மாதிரியா நிக்கறே, பூக்கொத்தைப் புடிச்சுக்கிட்டு விருந்தாளி மாதிரி. யோக்கியதையாம். பேதுரு நாள் முடிஞ்ச மறு ஞாயிறு ஞானஸ்நானம். நீதான் ஏந்தறே. தப்பிச்சுக்கலாம்னு பாக்காதே."

இலிங்கா குழந்தையைக் கொடுத்தாள். அக்லாயா அவன் தலையை முகர்ந்து முகர்ந்து அழுதாள். அவன் அவள் மூக்கைப் பிடித்து இழுத்தான். அண்ணி ரொட்டியைச் சாப்பிட ஆரம்பித்தாள், காலையிலிருந்து முதல் வாய்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் மஞ்சளைத்தான் மொய்த்தார்கள். ஆனால் கிளம்பும்போது பார்த்தால் இலிங்காவின் சாலட் தட்டில் புறாவின் மூக்கு மட்டும்தான் மிச்சம். கீரை மேல் ஊற்றினதை அக்லாயா தட்டைச் சாய்த்துக் குடித்தாள். "இதை எப்படிப் பண்றே?" என்று கேட்டபோது, பதில் சொன்னது அண்ணி. "அதெல்லாம் மெல்லிய தீயில, நிதானமா பண்ணணும். எல்லாருக்கும் வராது." இலிங்கா அடுப்புத் திருகையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வாசலில் பொட்டலம். தட்டில் வைக்காமல் எடுத்துவைத்த சாலடில், காசியனுக்கு ஒரு கிண்ணம் போக மீதியெல்லாம். குடுக்காமல் அனுப்புவது எங்கள் வழக்கத்தில் இல்லை. டப்பாவைச் சுற்றி ஐஸ் பை, அதைச் சுற்றி துண்டு, அதைச் சுற்றி என் அண்ணன்.

"நேரா வீடு. டிராம்ல. வழியில எங்கயும் இறங்கக்கூடாது. டப்பா ஃபிரிட்ஜுக்குள்ள போறதைப் பாத்துட்டு வாங்க," என்று அண்ணனிடம் சொன்னாள். அக்லாயா சிரித்துக்கொண்டே படி இறங்கினாள். இரண்டாவது மாடியில் யாரோ கதவைத் திறக்க, அவள் நின்று உரக்கச் சொன்னது எங்களுக்கே கேட்டது. "ஸ்மராண்டா வீட்டு சாலட். ஒரு டப்பா நிறைய. முட்டை போட்டது."

அண்ணி கதவைச் சாத்தி, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். பத்து வயது குறைந்திருந்தது.

நாலு மணி. நாங்கள் மூன்று பெண்களும் சிங்க் பக்கம். அண்ணி தேய்க்க, நான் அலச, இலிங்கா துடைக்க. அண்ணி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தேய்த்தாள். பாதியில் பாட்டு நின்றது.

"ஜெனோ. அன்னிக்கு ஆக்டாவ் கண்ணுல கட்டு."

"ஆமா. நீதான் காலைல சொன்னே."

"ஒரு கண்ணால கார் ஓட்ட முடியுமா?"

"முடியாது."

"அக்லாயாவுக்கு ஓட்டத் தெரியாது."

அலசின தட்டை நான் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். இலிங்கா துடைப்பதை நிறுத்தினாள்.

"காசியன்தான் அன்னிக்கு அவங்களைக் கொண்டுபோய் விட்டான்," என்றாள் அண்ணி மெதுவாக. "பத்து நிமிஷ தூரம். திரும்பி வரும்போது எட்டரை மணி. எங்க போனேன்னு கேட்டேன். சிநேகிதன் வீட்டுக்குன்னான்."

"சிநேகிதனா?" என்றாள் இலிங்கா. "எங்கிட்ட, பட்டறையில அவசர வேலைன்னு கூப்பிட்டாங்கன்னு சொன்னாரே."

அண்ணி தண்ணீர்க் குழாயை மூடினாள்.

"டிக்கியில என் டப்பா இருந்தது அவனுக்குத் தெரியும். நான்தான் அவன் கையில குடுத்தேன்." ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "ரெண்டு வருஷம். விடும்மா, பழங்கதை. யாருக்கும் நடக்கும்."

வாசல் பூட்டில் சாவி திரும்பியது. செருப்பு கழற்றுகிற சத்தம். சீட்டியடித்துக்கொண்டே வந்தான், பட்டறை வாசனையோடு.

"என்ன, ஞானம்மா போயாச்சா? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்று சமையலறைக்குள் தலையை நீட்டினான். "எனக்குக் கொஞ்சம் சாலட் வெச்சிருக்கீங்களா?"

அண்ணி ஒரு நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள். இலிங்கா ஒன்றை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டாள். நடுவில் இருந்த நாற்காலியை இரண்டு பேருமாகச் சேர்ந்து அவனுக்கு நகர்த்தினார்கள்.

"உக்காரு கண்ணா," என்றாள் அண்ணி. "சாலட் இருக்கு. முதல்ல நீ சொல்லு."